கட்டட அனுமதியும் புயல் குப்பையும்

நகர மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை வாசிக்கிற பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. நிறைய நகரங்கள் இப்போது அவற்றை இணையத்தில் போட்டுவிடுகின்றன. கதைபோல விறுவிறுப்பாக இருக்காதுதான். ஆனால் ஒரு நகரம் ஏன் இந்தப் பக்கம் வளர்ந்தது, ஏன் அந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் நிற்கிறது என்று தேடிக்கொண்டு போனால், விடை பத்து இருபது வருடங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு கூட்டக் குறிப்பில் இரண்டு வரியாகக் கிடக்கும். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை ஓட்டு. அவ்வளவுதான்.

புயல் அடித்த வருடங்களின் குறிப்புகளை மட்டும் எடுத்து வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒரே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு பொருள்கள் வரும். ஒன்று, வீடு கட்டுவதற்கு வரம்பு வைப்பது: வருடத்துக்கு எத்தனை வீடு, ஏக்கருக்கு எத்தனை வீடு, ஓடையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டலாம். இன்னொன்று, புயல் குப்பையை அள்ளுவது: எந்த ஒப்பந்ததாரர், என்ன கட்டணம், எங்கே கொட்டுவது. முதல் பொருளுக்கு அரங்கம் நிரம்பியிருக்கும். மனை வைத்திருப்பவர், கட்டி விற்பவர், ஒரு வீடு வாங்கத் தவிப்பவர், ‘இனி இங்கே யாரும் வர வேண்டாம்’ என்பவர் எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவது பொருள் வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிடும்.

ஒன்று திட்டப் பிரிவின் வேலை, மற்றது துப்புரவுப் பிரிவின் வேலை என்று பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது. புயலை எந்த மன்றமும் தடுக்க முடியாது. ஆனால் புயல் போன பிறகு தெருவில் எவ்வளவு குவியும் என்பதில் பெரும்பகுதி, பல வருடங்களுக்கு முன் கட்டட அனுமதி கொடுத்த அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

இந்த எண்ணம் எனக்கு வாசிப்பினால் வந்ததல்ல. ஒரு புயல் வெள்ளத்துக்குப் பிறகு நண்பர் ஒருவரின் வீட்டைக் காலி செய்யப் போயிருந்தேன். மூன்று நாள் தண்ணீரில் நின்ற வீடு. கதவு ஊறிப் பெருத்துத் திறக்க மறுத்தது. உள்ளே போனதும் எங்களுக்கு இருந்த ஒரே அவசரம், எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட வேண்டும் என்பதுதான். தண்ணீர் குடித்த மெத்தையைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டது. மெத்தை, அலமாரி, பெயின்ட் டப்பாக்கள், ஃபிரிட்ஜ், பழைய பேட்டரி, முறிந்து விழுந்த கிளைகள் எல்லாம் வாசலில் ஒரே குவியலாகச் சேர்ந்தன. நான்தான் முன்னின்று அப்படிக் குவித்தேன்.

அள்ளுகிற லாரி வந்தது. நின்று பார்த்தது. பக்கத்து வாசலில் தனியாகக் கிடந்த கிளைகளை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கலந்து கிடக்கும் குவியலை எடுக்க அவர்களுக்கு உத்தரவு இல்லையாம். பிரித்து வையுங்கள் என்று எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குவியல் ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது. நண்பரின் மகள் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனாள். மேலாகவே அவளுடைய பழைய புத்தகப்பை கிடந்தது. மூன்றாவது வாரத்தில் யாரோ அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மறைத்திருந்தார்கள். நண்பராகத்தான் இருக்கும். நான் கேட்கவில்லை.

ஏன் பிரிக்க வேண்டும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். காரணங்கள் எல்லாமே நியாயமானவை. சுவருக்கும் கூரைக்கும் போடும் ஜிப்சம் போர்டு நனைந்த நிலையில் காற்றுப் புகாத குப்பைமேட்டுக்குள் புதைந்தால், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் வருமே, அதுதான். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்தேற்றிய மரப்பலகைகள் இருக்கின்றன. வேலிக்கும் வெளித்திண்ணைக்கும் பல நாடுகளில் அவற்றைத்தான் போட்டார்கள். அவை முறிந்த கிளைகளோடு சேர்ந்து அரவை இயந்திரத்துக்குள் போய்த் தூளாகித் தோட்டத்துக்கு உரமாக வந்தால், ஆர்சனிக் மண்ணுக்குள் இறங்கும். எரித்தால் சாம்பலில் தங்கும். ஃபிரிட்ஜிலிருந்து குளிரூட்டும் வாயுவைத் தனியாக எடுத்த பிறகுதான் அதை நசுக்கலாம். சுத்தமான கிளைகளாக மட்டும் இருந்தால் தூளாக்கியே கன அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். எல்லாம் கலந்துவிட்டால் அப்படியே கொண்டுபோய்ப் புதைப்பதுதான் வழி.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் மன்றம் கையெழுத்திடுவது இந்தக் கணக்கில்தான். அமெரிக்காவில் புயல் குப்பையைப் பெரும்பாலும் கன கெஜத்தில் அளக்கிறார்கள். ஒவ்வொரு லாரியின் தொட்டியையும் முதலில் அளந்து, கொள்ளளவைப் பக்கவாட்டில் எழுதி ஒட்டுவார்கள். லாரி கொட்டுமிடத்துக்கு வரும்போது அங்கே ஒரு உயரமான மேடை இருக்கும். அதன் மேல் நிற்கும் கண்காணிப்பாளர் தொட்டிக்குள் பார்த்து முக்கால் நிறைந்திருக்கிறதா, பாதியா என்று மதிப்பிட்டுச் சீட்டில் எழுதுவார். அந்தச் சீட்டுதான் பணம். பேரிடர் என்று அறிவிக்கப்பட்டால் தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசின் அவசரநிலை நிர்வாக அமைப்பான ஃபீமா திருப்பித் தருகிறது. ஆனால் சீட்டு சரியாக இருக்க வேண்டும், ஒப்பந்தம் முறையாகப் போட்டிருக்க வேண்டும், குப்பை பொதுச் சாலையோரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தச் செலவு நகரத்தின் தலையில் விழும்.

பொதுச் சாலை என்ற அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் போட்ட தனிக் குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, உள்சாலைகள் தனியார் சாலைகளாகவே இருக்கட்டும் என்று பல மன்றங்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கின்றன. பராமரிப்புச் செலவு மிச்சம் என்பதுதான் எண்ணம். புயல் அடித்த மறுநாள் அந்தச் சாலைகளில் கிடக்கும் மரங்களை நகரத்தின் லாரி எடுத்தால் அந்தச் செலவுக்கு மத்தியப் பணம் தானாகக் கிடைக்காது. தனி அனுமதி வேண்டும், பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும், உள்ளே நுழைய எழுத்தில் ஒப்புதல் வேண்டும். உள்ளே இருப்பவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான். வயதானவர்கள் இருப்பார்கள். ஆம்புலன்ஸ் போக வழி இருக்காது. பல வருடங்களுக்கு முன் வரைபடத்தில் ‘தனியார் சாலை’ என்று எழுதியதன் விளைவு அது.

மரங்களும் அப்படித்தான். புயலில் மரம் விழுவதை இயற்கை என்று விட்டுவிடுகிறோம். கூட்டமாக வளர்ந்த மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்து நிற்கின்றன. மனைப்பிரிவுக்காகத் தோப்பை வெட்டி, ‘இயற்கையோடு வாழுங்கள்’ என்று விளம்பரம் செய்வதற்காக ஓரத்தில் பத்துப் பதினைந்து மரங்களை மட்டும் விட்டுவைத்தால், அதுவரை முழுக் காற்றைத் தாங்கிப் பழகாத மரங்கள் திடீரென்று தனியாக நிற்கின்றன. அடித்தளத்துக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது அவற்றின் பக்கவேர்கள் வெட்டுப்படுகின்றன. வெளியே பார்க்க மரம் பச்சையாக இருக்கும். ஆறேழு வருடம் கழித்து ஒரு இரவில் கூரையின் மேல் சாயும். மரங்களைக் கூட்டமாக விட வேண்டும், வேர்ப்பகுதியைச் சுற்றி இத்தனை அடிக்குள் தோண்டக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க அனுமதி நாளில் பத்து நிமிடம் போதும்.

அப்புறம் இடம். அள்ளிய குப்பையை நேராகக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவ்வளவு கொள்ளாது, தூரமும் அதிகம். நகரத்துக்குள்ளேயே ஒரு பெரிய திறந்தவெளி தற்காலிகக் குவிப்பிடமாக வேண்டும். வீடுகளிலிருந்து தள்ளி, வெள்ளம் வராத மேட்டில், லாரி உள்ளே போய்த் திரும்பி வரும் அகலத்தில். 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயல் அமெரிக்க வளைகுடாக் கரையில் 10 கோடி கன கெஜத்துக்கும் அதிகமான குப்பையை விட்டுச் சென்றது. சின்ன நகரங்களில்கூட ஒரே புயலில் பல வருடக் குப்பை ஒரே வாரத்தில் சேர்ந்துவிடும். ஆனால் வருடா வருடம் காலி இடங்கள் ஒவ்வொன்றாக மனைகளாக மாறும்போது, அந்தக் குவிப்பிடமும் கூடவே போய்விடுகிறது என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து சொன்னதாக நான் வாசித்ததில்லை.

ஒப்பந்தத்தையும் புயலுக்கு முன்பே போட்டு வைப்பது நல்ல பழக்கம். புயல் வந்ததும் ஒரு உத்தரவில் அது உயிர்பெறும். அதற்குப் பிறகும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2017இல் இர்மா புயலுக்குப் பின் ஃபுளோரிடாவில், முன்பே ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனங்களின் லாரிகள் அதிகக் கட்டணம் தரும் இடங்களுக்குப் போய்விட்டதாகப் புகார்கள் எழுந்தன. மாநில அரசின் சட்டத் துறை அதை விசாரிக்கும் அளவுக்குப் போனது. வராவிட்டால் என்ன அபராதம், எத்தனை மணி நேரத்துக்குள் முதல் லாரி வர வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்க ஒருவராவது அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, வீடு கட்ட வரம்பு வைப்பதற்கு வருகிறேன். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ராமப்போ என்ற நகரம் 1969இல் ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. மனைப்பிரிவு போட விரும்புகிறவர் 15 புள்ளிகள் எடுக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் என்று ஐந்து வசதிகள் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துப் புள்ளி. இல்லாத வசதிகளை 18 வருடங்களில் தானே கட்டித் தருவதாக நகரம் திட்டம் போட்டது. காத்திருக்க விரும்பாதவர் தன் செலவில் கட்டிக்கொண்டு புள்ளி சேர்க்கலாம். வழக்குப் போட்டார்கள். 1972இல் அந்த மாநிலத்தின் உச்ச அதிகாரமுள்ள நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

அதே 1972இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா, பெரிய குடியிருப்புத் திட்டங்களில் வருடத்துக்கு 500 வீடுகள்தான் என்று வரம்பு வைத்தது. முதலில் தோற்று, 1975இல் மேல்முறையீட்டில் வென்றது. கொலராடோவின் போல்டர் 1976இல், வருடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீத வளர்ச்சிதான் என்றது.

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது ராமப்போவின் முறை. மற்ற இரண்டும் எத்தனை என்று கேட்கின்றன. ராமப்போ, தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று கேட்டது. எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு வைத்தால் நடப்பது என்ன? வீட்டு விலை ஏறுகிறது. உள்ளே வீடு வாங்க முடியாத ஆசிரியரும் செவிலியரும் எல்லைக்கு வெளியே, வரம்பே இல்லாத இடத்தில், பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் போய்க் குடியேறுகிறார்கள். அங்கே கொட்டுகிற மழை நகர எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. எல்லாக் கட்டுமானத்தையும் நிறுத்து என்கிற குரலோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். வீடு இல்லாதவருக்கு வீடு வேண்டும். மேட்டில் நெருக்கமாகவே கட்டட்டும், நான்கு மாடி போடட்டும். பள்ளத்தை விட்டுவிட வேண்டும்.

பள்ளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எண்கள். செடி கொடி மூடிய இயற்கையான நிலத்தில் விழும் மழையில் சுமார் 10 சதவீதம்தான் மேற்பரப்பில் ஓடுகிறது. பெரும்பாலும் கூரையும் சிமென்டும் தாருமாக மூடிய இடத்தில் அது 55 சதவீதம். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழே இருப்பவரின் வீட்டுக்குத்தான் போகும். அடுத்தது, ‘நூறு வருட வெள்ளம்’ என்ற சொல். நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே, நம் காலத்தில் வராது என்று அதைக் கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருட வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்று. கடன் பத்திரத்தில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

வெள்ளச் சமவெளிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த புவியியலாளர் கில்பர்ட் வொயிட், வெள்ளம் வேண்டுமானால் இறைவன் செயலாக இருக்கலாம், வெள்ளத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் மனிதன் செயல்தான் என்று 1940களிலேயே எழுதினார். நான் மேலே சொன்ன போல்டரில்தான் பின்னாளில் வாழ்ந்தார். எண்பது வருடமாக அந்த வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வெள்ளச் சமவெளியில் கட்டுவது மட்டும் நின்றபாடில்லை.

ஹூஸ்டனைப் பாருங்கள். 1935இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, நகரத்தைக் காக்க 1940களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு தடுப்பணைகளைக் கட்டினார்கள். பெருமழையின்போது மட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அணைகள் அவை, மற்ற நாட்களில் வெற்று நிலம். தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறுமோ அந்த நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. வாங்காத விளிம்பில் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் முளைத்தன. அணையின் உள்பக்கமே குடியிருப்பு. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நாலைந்து நாட்களில் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியபோது, அணை தன் வேலையைச் சரியாகச் செய்தது, வீடுகள் மூழ்கின. 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, அணையின் உள்பக்கத்தில் மூழ்கிய வீடுகளுக்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்த இடத்தில் கட்டலாம் என்று வரைபடத்தில் ஒப்புதல் முத்திரை குத்திய நாளில் ஒருவர் எழுந்து ‘இது அணையின் உள்பக்கம் அல்லவா’ என்று கேட்டிருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டிருக்கவும்கூடும், குறிப்பில் பதிவாகாமல் போயிருக்கும்.

ஹார்விக்குப் பிறகு 2018 ஏப்ரலில் ஹூஸ்டன் மன்றம், வெள்ளச் சமவெளியில் புதிதாகக் கட்டும் வீடுகளின் தரைமட்டம், 500 வருட வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேல் 2 அடி இருக்க வேண்டும் என்று விதி செய்தது. அவ்வளவு பேர் வீடிழந்த பிறகும் ஓட்டு 9க்கு 7. நினைவு ஈரமாக இருக்கும்போதே இரண்டு ஓட்டு வித்தியாசம்தான் என்றால், ஐந்து வருடம் கழித்து அந்தத் தீர்மானம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால்தான் டல்சா நகரத்தின் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது. 1976 மே மாத விடுமுறை வாரத்தில் வெள்ளம் வந்து 3 பேர் இறந்தார்கள். 1984இல் அதே விடுமுறை வாரத்தில், மே 26 இரவு கொட்டிய மழையில் 14 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 7,000 கட்டடங்கள் சேதமடைந்தன. புதிய மேயர் டெர்ரி யங் பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. நகர நிர்வாகம் சில நாட்களிலேயே ஒரு முடிவெடுத்தது: மோசமாக மூழ்கிய பகுதிகளில் இப்போதைக்கு யாரும் திரும்பக் கட்டக் கூடாது. சுவர் இன்னும் காயாத வீட்டின் முன் நின்றுகொண்டு இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், நான் அப்படி ஒரு வாசலில் நின்றிருக்கிறேன். அவரவருக்குத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போவது ஒன்றுதான் அந்த நேரத்தில் ஆறுதல். ஆனால் டல்சா வெறுமனே தடுத்துவிட்டுப் போகவில்லை. மூழ்கிய வீடுகளில் சுமார் 300ஐயும், 228 வீடுகளுக்கான நகரும் வீடுகள் வளாகம் ஒன்றையும் விலை கொடுத்து வாங்கியது. வடிகாலுக்கென்று தனித் துறையும் தனிக் கட்டணமும் ஏற்படுத்தியது. ஓடைகளை ஒட்டிப் பூங்காக்களும் நீர் தேங்கும் குளங்களும் அமைத்தது. ‘கட்டாதே’ என்று சொல்கிற மன்றம் ‘இதோ உன் வீட்டுக்கான பணம்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது கொடுமை.

புயல் முடிந்த முதல் சில வாரங்களில் எடுக்கும் முடிவுகளை அசைக்க எல்லாப் பக்கமும் அழுத்தம் இருக்கும். அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. வெள்ளச் சமவெளியில் உள்ள வீட்டைப் பழுதுபார்க்கும் செலவு, அந்தக் கட்டடத்தின் மதிப்பில் பாதியை எட்டினால், இன்றைய விதிப்படி உயர்த்தித்தான் கட்ட வேண்டும். தாளில் நல்ல விதி. மதிப்பிடுவதோ நகரத்தின் ஊழியர். அவருக்குத் தெரிந்த முகம், தெரிந்த கண்ணீர். 49 சதவீதம் என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் நாளைக்கே வீட்டுக்குள் போகலாம். 2022இல் இயன் புயல் தாக்கிய ஃபுளோரிடாவின் லீ கவுன்ட்டி என்ற மாவட்டத்தில், அனுமதியில்லாத பழுதுபார்ப்பும் சரியாக இல்லாத கண்காணிப்பும் காரணம் என்று சொல்லி, அங்குள்ளவர்களின் வெள்ளக் காப்பீட்டுக் கட்டணச் சலுகையை ரத்து செய்யப்போவதாக 2024இல் ஃபீமா அறிவித்தது. 25 சதவீதம் வரையான சலுகை. பெரும்பாலான இடங்களுக்குப் பிறகு அது திரும்பக் கிடைத்தது. ஒரு மேசையில் காட்டும் இரக்கத்தின் விலையை முழு நகரமும் கட்ட வேண்டியிருக்கும் என்பது அப்போது நிறையப் பேருக்குப் புரிந்திருக்கும்.

அதே ஃபுளோரிடாவில் 2025இல் வந்த சட்டம் எனக்குக் கவலை தருகிறது. 2024இன் டெபி, ஹெலீன், மில்டன் புயல்களின் பேரிடர் பட்டியலில் இருந்த உள்ளாட்சிகள், 2027 அக்டோபர் வரை கட்டுமான விதிகளை முன்பைவிடக் கடுமையாக்கக் கூடாது, கட்டுமானத்தை நிறுத்தி வைக்கவும் கூடாது என்கிறது அந்தச் சட்டம். புயலில் வீடிழந்தவர் சீக்கிரம் திரும்பக் கட்ட உதவ வேண்டும் என்பது அதன் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் தடை, உடைந்த வீட்டைச் சீர்செய்வதோடு நிற்கவில்லை, எங்கோ புதிதாக வரப்போகும் ஆயிரம் வீட்டு மனைப்பிரிவுக்கும் பொருந்துகிறது. எந்த இரண்டு மூன்று வருடங்களில் ஒரு நகரம் தன் தவறைத் திருத்திக்கொள்ள மனதளவில் தயாராக இருக்குமோ, அந்த வருடங்களிலேயே அதன் கையைக் கட்டிப்போடுகிறது. டல்சா 1984இல் செய்ததை அந்தச் சட்டப்படி ஒரு ஃபுளோரிடா நகரம் செய்ய முடியாது. உள்ளாட்சிகள் பல நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. போக வேண்டியதுதான்.

வேகமாகவும் செய்யலாம், சரியாகவும் செய்யலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் கிரான்தம் இருக்கிறது. 2011 ஜனவரி 10 அன்று குயின்ஸ்லாந்தின் அந்தச் சிற்றூருக்குள் தண்ணீர் சுவர்போல வந்து 12 பேர் இறந்தார்கள். லாக்கியர் பள்ளத்தாக்கு வட்டார மன்றம், ஊரை ஒட்டிய மேட்டில் 935 ஏக்கர் நிலத்தை வாங்கி, பள்ளத்தில் உள்ள மனையைக் கொடுத்துவிட்டு மேட்டில் மனை எடுத்துக்கொள்ளலாம் என்றது. கட்டாயமில்லை. குலுக்கல் முறையில் ஒவ்வொருவரும் தன் மனையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் முதல் குடும்பங்கள் மேட்டில் குடியேறிவிட்டன. பதினோரு மாதம்!

அயோவாவின் சீடர் ராபிட்ஸில் 2008 ஜூனில் ஆறு, அதுவரை காணாத 31 அடி உயரத்துக்கு ஏறியது. பழைய உச்சத்தைவிட 11 அடி அதிகம். அதன் பிறகு நகரம் 1,300க்கும் மேற்பட்ட கட்டடங்களை வாங்கி இடித்து, ஆற்றோரத்தை வெறும் பசுமையாக விட்டது. 2016இல் ஆறு மறுபடி ஏறியது, 22 அடி, வரலாற்றில் இரண்டாவது உயரம். அப்போது மூழ்குவதற்கு அந்த வீடுகள் அங்கே இல்லை. வாசலில் குவிக்க மெத்தைகளும் இல்லை. நான்கு வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 10 அன்று டெரேச்சோ என்னும் நேர்கோட்டுச் சூறைக்காற்று வந்து அந்நகரத்தின் மரநிழலில் பாதிக்கும் மேலானதைச் சாய்த்துவிட்டுப் போனது. கிளைகளை அள்ளவே மாதக்கணக்காயிற்று. 2022இல் பத்து வருட மரநடவுத் திட்டத்துக்கு மன்றம் ஒப்புதல் தந்தது. எந்த மரம், எந்தத் தெருவில், மின்கம்பிக்கு எவ்வளவு தள்ளி என்பதையெல்லாம் இப்போதே யோசித்து நடுகிறார்கள்.

என் நண்பரின் வீடு இருந்த மனைப்பிரிவுக்கு அனுமதி தந்த கூட்டத்தின் குறிப்பையும் தேடிப் பிடித்தேன். கொஞ்சம் அலைந்த பிறகு கிடைத்தது. ஒரு பக்கம்கூட இல்லை. வடிகால் எங்கே போய்ச் சேரும் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளப்படும் என்று பதில். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று முடிகிறது. கேட்ட உறுப்பினரும் ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார். அச்செடுத்து நண்பரிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். “கேட்டிருக்காங்களே” என்றார்.